எடை குறைந்த பிவி சாக்: சியராவுக்கும் கேஸ்கேடுக்கும் ஒன்றே போதுமா?

கிழக்குச்சரிவு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். இந்தக் கோடைக்கு இரண்டு பயணம் திட்டமிட்டிருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பிவி சாக் (டென்ட்டுக்குப் பதிலாக ஸ்லீப்பிங் பேக்குக்கு மேல் போட்டுப் படுக்கும் உறை) வாங்க ஆசை.

முதலாவது ஆகஸ்ட்டில், சியரா நெவாடாவின் கிழக்குப் பக்கம். பிஷப் ஊருக்கு மேலே சவுத் லேக்கில் தொடங்கி, பிஷப் பாஸ் என்ற கணவாய் (3,649 மீ) ஏறி, டஸி பேசின் வழியாக லகான்ட் பள்ளத்தாக்கில் இறங்கி, மியூர் பாஸ், எவல்யூஷன் பேசின் கடந்து, பையூட் பாஸ் ஏறி நார்த் லேக்கில் முடிகிற சுற்று. ஏறத்தாழ 88 கிலோமீட்டர். இரண்டாவது செப்டம்பரில், வாஷிங்டன் மாநிலத்தின் கேஸ்கேடு மலைத்தொடரில் மவுண்ட் ஸ்டூவர்ட் (2,870 மீ), அதன் வடக்கு முகடான நார்த் ரிட்ஜ் வழியாக. கயிற்றில் கூட வரும் நண்பர் அனுபவமுள்ளவர். நடுவில் ஒரு ராத்திரி பாறைமேலேயே தங்க வேண்டியிருக்கும் என்கிறார்.

இப்போது இருப்பது 1.2 கிலோ ஒற்றையாள் டென்ட். பார்த்து வைத்திருப்பவை: அவுட்டோர் ரிசர்ச் ஹீலியம் (தலைப்பக்கம் ஒரு கம்பியோடு சுமார் அரைக் கிலோ), பிளாக் டயமண்ட் ட்வைலைட் (சுமார் 300 கிராம்), போரா கியர் பிவி (முகத்துக்கு வலை, சுமார் 200 கிராம்). என் உயரம் 178 செ.மீ. ஸ்லீப்பிங் பேக் டவுன் (பறவைத் தூவி) நிரப்பியது, மைனஸ் 7 டிகிரி ரேட்டிங். அடியில் விரிக்கும் பேட் காற்றடிப்பது, 51 செ.மீ. அகலம், 6 செ.மீ. கனம். எடை குறைய வேண்டும் என்பதுதான் என் முதல் நோக்கம். எதை எடுக்கலாம்?

ஒற்றைக்கம்பு

அந்தச் சுற்றை எனக்கு நன்றாகத் தெரியும். சியராவின் ஆகஸ்ட் ராத்திரிகளில் பெரும்பாலானவை வறண்டவை. தெற்கேயிருந்து ஈரக்காற்று ஏறி வரும் வாரங்களில் மட்டும் மத்தியானம் இடிமழை பிடிக்கும். அது வழக்கமாகச் சாயங்காலத்துக்குள் ஓய்ந்துவிடும். ஆகவே அங்கே உங்களை நனைக்கப் போவது மழை இல்லை, உங்கள் மூச்சும் தோலும்தான். ஒரு ராத்திரியில் உடம்பிலிருந்து சில நூறு மில்லி நீர் ஆவியாக வெளியேறுகிறது. திறந்த வானத்தின் கீழே படுத்தால் பிவியின் மேல்துணி சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும், வெப்பம் நேராக வானத்துக்குப் போய்விடுவதால். அந்தக் குளிர்ந்த துணியில் உள்ளேயிருந்து வரும் ஆவி பட்டதும் தண்ணீராகிவிடும். காலையில் எழுந்து "பிவி ஒழுகுகிறது" என்று புகார் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் படுத்திருந்தது தங்கள் மூச்சின் ஈரத்தில்.

அதனால் என் ஓட்டு, மேலே பூச்சு இல்லாத மெல்லிய நைலான், கீழே மட்டும் நீர்புகாத துணி, முகத்துக்கு வலை என்று தைத்த 200 கிராம் வகைக்கு. மழை வந்தால் மேலே கட்ட ஒரு சின்ன டார்ப்.

இடம் பார்ப்பது அதைவிட முக்கியம். டஸி பேசினில் ஏரிக்கரையைப் பார்த்ததும் அங்கேயே படுக்கத் தோன்றும். தண்ணீரிலிருந்து 100 அடியாவது தள்ளித்தான் தங்க வேண்டும் என்பது விதி. அதையும் தாண்டி, சரிவில் ஒரு முப்பது மீட்டர் ஏறிப் படுங்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும், புல்வெளியில் ஈரம் நிற்கும். வைட்பார்க் பைன் மரம் இரண்டு தலைக்கு மேல் இருந்தால் போதும், பிவியின் மேல்துணி அவ்வளவு குளிராது. ஒரே பிவி, ஒரே ராத்திரி, ஐம்பது அடி தள்ளிப் படுத்தவருக்குச் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், மரத்தடியில் இருந்தவருக்கு உலர்ந்திருக்கும். இதை அங்கே போனால் நீங்களே பார்க்கலாம்.

இன்னொன்று. சாப்பாடு, பற்பசை, வாசனை உள்ள எதுவும் பிவிக்குள் வேண்டாம். எல்லாம் கரடி டப்பாவுக்குள், படுக்கும் இடத்திலிருந்து தள்ளி.

மலைநாடி

சியாட்டிலில் இருந்து எழுதுகிறேன். ஒற்றைக்கம்பு அண்ணா சியராவைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்ற மாட்டேன். ஆனால் அந்த 200 கிராம் பையோடு கேஸ்கேடுக்கு வந்துவிடாதீர்கள்.

நார்த் ரிட்ஜில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்குச் சமதளமான இடங்கள் அங்கங்கே உண்டு, அவ்வளவுதான். டார்ப் கட்டக் கம்பும் இல்லை, முளை அடிக்க மண்ணும் இல்லை. மேற்கே பசிபிக்கிலிருந்து மேகம் திரும்பினால் மழை பக்கவாட்டில் அடிக்கும். இந்த மலைத்தொடர் எவ்வளவு ஈரம் வாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு: 1998-99 பருவத்தில் மவுண்ட் பேக்கர் பனிச்சறுக்கு மையத்தில் 1,140 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 29 மீட்டர் பனி விழுந்தது. உலக சாதனை அது. செப்டம்பர் நல்ல மாதம்தான், ஸ்டூவர்ட் கிழக்குப் பக்கமாக இருப்பதால் கொஞ்சம் உலர்ந்ததும்கூட. ஆனாலும் பருவநிலை மாறினால் பாறைமேல் உங்களுக்கு வேறு கூரை கிடையாது. பிவிதான் கூரை.

பாறைமேல் படுப்பதற்கு நான் பார்ப்பது இவை. ஜிப்பை இரண்டு பக்கத்திலிருந்தும் திறக்க முடிய வேண்டும், ஏனென்றால் இடுப்பில் கட்டும் ஹார்னஸைக் கழற்றாமல் தூங்குவீர்கள், ஆங்கரிலிருந்து (பாறையில் போட்ட பிடிப்பிலிருந்து) வரும் கயிறு அந்த ஜிப் வழியாகத்தான் உள்ளே வரும். தலைப்பக்கமும் கால்பக்கமும் வெளியே கட்டுவதற்கு வளையம் வேண்டும். ஆள் வெளியே வந்த நொடியில் காலிப் பையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். கம்பி வளைவு வேண்டாம், குறுகிய இடத்தில் அது தொல்லை. நிறம் சிவப்போ ஆரஞ்சோ, தேடி வருகிறவர் கண்ணில் பட. முழுக்க நீர்புகாத, மெம்பரேன் (தண்ணீரைத் தடுத்து ஆவியை மட்டும் விடும் மென்படலம்) உள்ள துணி. நீங்கள் சொன்ன ட்வைலைட் போன்ற 300 கிராம் பைகளில் பெரும்பாலும் வலை இருக்காது, துணியும் மெல்லியது. கருங்கல்லில் உரசினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் ரிட்ஜில் பனித்திட்டு மிஞ்சியிருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், சுமந்துகொண்டு போங்கள். பிவியில் மிச்சம் பிடிக்கிற 200 கிராமெல்லாம் அந்தத் தண்ணீருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கிழக்குச்சரிவு

இருவருக்கும் நன்றி. இப்போது குழப்பம் கூடிவிட்டது. ஒரு சந்தேகம்: "மூச்சு விடும்" துணி என்று போட்டு ஒரு கம்பெனி 10,000 கிராம் என்கிறது, இன்னொன்று 20,000 என்கிறது. இரண்டாவது இரண்டு மடங்கு நல்லதா?

தையல்மெஷின்

நான் கோயம்புத்தூர்ப் பக்கம், துணிக்குப் பூச்சுக் கொடுக்கற வேலையில இருக்கறவனுங்க. மலை ஏறின அனுபவம் கம்மி, துணியப் பத்தி மட்டும் சொல்றேன்.

அந்த எண், ஒரு சதுர மீட்டர் துணி வழியா 24 மணி நேரத்துல எத்தனை கிராம் நீராவி போகுதுங்கறது. ஆனா அதை அளக்கற முறை பல இருக்குதுங்க. கிண்ணத்த நிமிர்த்தி வெச்சு அளந்தா ஒரு எண், கவுத்து வெச்சுத் தண்ணி துணியத் தொடற மாதிரி அளந்தா அதே துணிக்குப் பல மடங்கு பெரிய எண். எந்த முறைன்னு போடாத விளம்பரத்துல 20,000ங்கறதுக்கு அர்த்தமே இல்லைங்க. ஐஎஸ்ஓ 11092ன்னு ஒரு முறை இருக்குது, சூடான ஈரத் தட்டுமேல துணியப் போட்டு, ஆவி போறதுக்குத் துணி எவ்வளவு தடை கொடுக்குதுன்னு பாக்கறது. அந்த எண்ணை ரெட்னு சொல்லுவாங்க. அது எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. 6க்குக் கீழ இருந்தா அருமையான துணி, 20ஐத் தாண்டினா மூச்சு விடறதா நெனைக்க வேண்டாம். ரெட் எண்ணைச் சொல்ற கம்பெனிய நான் நம்புவேன்.

அடுத்தது நீர்புகாத தன்மை. அதை மில்லிமீட்டர்ல சொல்லுவாங்க, துணிமேல எவ்வளவு உசரத்துக்குத் தண்ணி நிறுத்தினா கசியுதுன்னு. மேல்துணிக்குக் கம்மியா இருந்தாலும் ஓட்டலாம். அடித்துணி அப்படி இல்லைங்க. இடுப்பும் முழங்கையும் ஊணற இடத்துல ஈர மண்ணுலருந்து தண்ணி மேல ஏறறதுக்கு அழுத்தம் கெடைக்குது. அடிக்கு அதிக எண் பாருங்க.

எல்லாத்தையும்விட முக்கியமா ஒண்ணு. மெம்பரேன் ஆவிய வெளிய தள்றது உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கற வித்தியாசத்தாலதான். வெளியவும் மழை பேஞ்சு, மேல்துணி ஈரத்தக் குடிச்சுப் படர்ந்துருச்சுன்னா வேலை நின்னுரும். அதைத் தடுக்கத்தான் தண்ணி உருண்டு ஓடற மேல்பூச்சு. முன்னெல்லாம் அதுல ஃப்ளோரின் வகை ரசாயனம் சேப்பாங்க. கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரி 1லருந்து பிஎஃப்ஏஎஸ்ங்கற அந்த வகை ரசாயனத்த வேணும்னே சேர்த்த ஜவுளி பெரும்பாலானதுக்குத் தடை வந்துருச்சு. கோர்-டெக்ஸ் துணி செய்யற கோர் கம்பெனியும் மெம்பரேன மாத்திட்டு வருது. புதுப் பூச்சு தண்ணியத் தடுக்குது, எண்ணெயத் தடுக்கறதுல்ல. தலைமுடி எண்ணெய், முகத்துல பூசற கிரீம் பட்ட எடத்துல சீக்கிரம் ஊறும். அதனால பிவியத் தொவைங்க. டிடர்ஜென்ட் போடாம, இந்த மாதிரித் துணிக்குன்னே விக்கற சோப்புல அலசி, லேபிள்ல எழுதியிருக்கற சூட்டுல ட்ரையர்ல போட்டா அந்தப் பூச்சு மறுபடி உசுரு வாங்கும்.

குளிர்பாலை

பெங்களூரிலிருந்து. நான் போவது லடாக், ஸ்பிட்டி. இழைக்குத் தொடர்புண்டு என்பதால் எழுதுகிறேன்: மைனஸ் 10க்குக் கீழே போனால் மேலே சொன்ன மூச்சு விடும் கணக்கெல்லாம் மாறிவிடும். மெம்பரேனின் உட்புறமே உறைநிலைக்குக் கீழே இருப்பதால் ஆவி அதைக் கடக்கும் முன்பே உறைபனியாக ஒட்டிக்கொள்ளும். காலையில் பிவியை உதறினால் உள்ளேயிருந்து பொடிப்பொடியாக விழும். உதறாமல் சுருட்டி வைத்தால் அத்தனையும் மத்தியானம் உருகி டவுனுக்குள் இறங்கும்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பயணத்துக்கு முன் ஸ்லீப்பிங் பேக்கைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். திரும்பி வந்ததும், காயவைக்கும் முன்பே, மறுபடி நிறுங்கள். கூடியிருக்கும் எடை அத்தனையும் டவுனில் தங்கிய நீர். பிவி எது என்பதைவிட, எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பது இந்த எண்ணில் தெரிந்துவிடும்.

மூக்கும் வாயும் எப்போதும் பைக்கு வெளியே. குளிர்கிறதென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்குவதுதான் டவுனுக்கு மிகப் பெரிய கேடு. முகம் குளிர்ந்தால் மங்கி குல்லா போட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறியதும் அரைமணி நேரம் நின்று, பிவியைப் புரட்டிப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்கைப் பாறைமேல் விரித்துவிட்டுத்தான் அடுத்த நடை. லடாக்கின் வறண்ட காற்றில் அந்த அரைமணி போதும். கேஸ்கேடில் போதுமா என்று மலைநாடி அக்காதான் சொல்ல வேண்டும்.

தொடர்ந்து பல ராத்திரி கடுங்குளிர் என்றால், டவுன் பேக்குக்கு மேலே மெல்லிய சிந்தெடிக் குவில்ட் ஒன்று போர்த்துவதையும் யோசியுங்கள். ஆவி தண்ணீராகும் இடம் அந்த சிந்தெடிக்குக்குள் போய்விடும். அது நனைந்தாலும் உப்பல் அதிகம் குறையாது, டவுன் உலர்ந்தே இருக்கும்.

மலைநாடி

போதாது. அக்டோபரில் இங்கே வெயிலையே பார்க்காமல் இரண்டு நாள் போகும். அதனால்தான் நாங்கள் ஈரத்தோடு இரண்டாவது ராத்திரியைத் திட்டமிடுவதே இல்லை. பாறையில் ஒரு ராத்திரி, மறுநாள் கீழே.

வல்லைவெளி

நான் சூரிச்சில இருக்கிறன். இஞ்ச பிவாக் (டென்ட் இல்லாமல் வெளியில படுக்கிறது) எண்டால் கோடைகாலத்தில சாதாரணமான விசயம். மரங்கள் முடியிற உயரத்துக்கு மேல, ரெண்டு மூண்டு பேர், ஒரு இரவு மட்டும் எண்டால் சுவிஸ் ஆல்பைன் கிளப்பும் அது பிரச்சினையில்லை எண்டுதான் சொல்லுது. தேசியப் பூங்கா, வேட்டை தடைசெய்யப்பட்ட காப்பிடங்கள், காட்டு விலங்குகளுக்கு ஓய்வுக்கெண்டு ஒதுக்கின இடங்கள், உதுக்குள்ள ஒருநாளும் படுக்கேலாது. இணையத்தில வரைபடம் இருக்கு, முதலே பாத்துப் போங்கோ.

நான் எழுத வந்தது வேற விசயம். பிவி எண்டதை நடக்கிற ஆக்கள் ஒரு குட்டி டென்ட்டாய் நினைக்கினம். மலை ஏறுறவைக்கு அது எப்பவும் வேற சாமான். ஒஸ்ரியாவில பனிச்சறுக்கு முன்னோடி மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி (1856-1940) செய்த பை, ரெண்டு பேர் தலைக்கு மேலால இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தியிருக்கிறது. இண்டைக்கும் ஜேர்மன் மொழியில ரெண்டுபேர் பிவாக் சாக்குக்கு அவற்றை பேரைத்தான் சொல்லுவினம். 1930களில பிரெஞ்சுக்காரர் பியர் அலன், இடுப்பு வரைக்கும் மட்டும் வாற டவுன் பை, மேலுக்கு டவுன் ஜக்கெட், அதுக்கு மேல நீளமான மழைக்கோட் எண்டு பிரிச்சுச் செய்தார். போட்டிருக்கிற ஜக்கெட்டே மேல்பாதிக் காப்பு, அப்ப ஏன் அதை ரெண்டு தரம் சுமக்கவேணும் எண்டது அவற்றை யோசனை. 1935இல டிரூ வடக்கு முகத்தை ஏறினவர் அவர். பைக்குள்ள ஜக்கெட்டோட படுக்கிற இண்டைய வழக்கமும் அதே கணக்குத்தான்.

உதுகளில இருந்து நான் எடுக்கிற முடிவு: ரெண்டு பேர் ஒரே கயித்தில போறியளெண்டால், ஆளுக்கொரு பிவியோ, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பையோ எண்டு நண்பரோட கதையுங்கோ. ரெண்டு பேற்றை உடம்புச் சூடு ஒரு பைக்குள்ள சேர்ந்தால் அது பெரிய லாபம். பிரித்தானியாவில ஏறுற ஆக்கள் பொத்தி பாக் (bothy bag) எண்டு கொண்டு போறதும் இதுதான்.

பாதுகாப்பு விசயம் ரெண்டு. பிவியின்ரை வாயை முழுசாய் மூடாதேங்கோ, கை நுழையிற அளவாவது காத்துக்கு விடுங்கோ. உள்ளுக்க வைச்சு அடுப்பு மூட்டவே கூடாது, கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் ஆளைக் கொல்லும். அவசரத்துக்கு உதவி கேக்கிறதெண்டால் ஒரு நிமிசத்துக்கு ஆறு தரம் வெளிச்சமோ விசிலோ, பிறகு ஒரு நிமிசம் நிப்பாட்டி, திரும்பவும் ஆறு. பதில் நிமிசத்துக்கு மூண்டு தரம் வரும்.

புதுமழை

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டும். பிவியில் தூங்க முடியுமா, இல்லை இந்த ஆசையையே விட்டுவிடவா?

மலைநாடி

விட வேண்டாம். வலை வைத்த, வாய் அகலமாகத் திறக்கும் பையாகப் பாருங்கள். மழையில்லாத ராத்திரி வலைக்கு மேலே வானம்தான் இருக்கும், டென்ட்டைவிடத் திறப்பாகத் தோன்றும். ஜிப் நெஞ்சுக்குக் குறுக்கே வருவதைவிடப் பக்கவாட்டில் இடுப்புவரை இறங்குவது உங்களுக்குச் சரிப்படும், ஒரே இழுப்பில் வெளியே வரலாம். உங்களுக்கென்றால் முகத்துக்கு மேலே கம்பி வளைவு இருப்பதே நல்லது. வாங்கிய முதல் ராத்திரி வீட்டு மாடியிலோ தோட்டத்திலோ, ஜிப்பை இருட்டில் தடவித் திறந்து பழகுங்கள். கண் மூடியபடி திறக்கக் கை பழகிவிட்டால் பயம் பாதிக்கு மேல் போய்விடும்.

ஒற்றைக்கம்பு

கிழக்குச்சரிவு, உங்கள் முதல் வரிக்குத் திரும்ப வேண்டும். எடை குறைய வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம் என்றீர்கள். நான் சொன்ன ஏற்பாட்டையே கூட்டிப் பார்ப்போம். பிவி 200 கிராம், சின்ன டார்ப் ஒரு 250, முளைகளும் கயிறும் 80. மொத்தம் 530 கிராம். ஹீலியம் ஒன்று மட்டும் சுமார் 500. இன்றைக்கு டைனீமா என்ற எடை குறைந்த துணியில், நடைக்கம்பையே தூணாக வைத்து நிறுத்துகிற ஒற்றையாள் டென்ட்கள் 500 கிராமை ஒட்டியே கிடைக்கின்றன. உள்ளே உட்காரலாம், உடை மாற்றலாம், மழையில் சமையலுக்கு முன்வாசல் உண்டு. விலைதான் கூடுதல்.

அப்படியானால் எடைக்காகப் பிவி வாங்குவது கணக்கில் நிற்கவில்லை. பிவி எதற்காக என்றால், டென்ட் நிற்காத இடத்தில் படுப்பதற்காக. இரண்டு பாறைக்கு நடுவே ஆள் அகலத்துக்கு மணல் இருந்தால் போதும். பாஸுக்குக் கொஞ்சம் கீழே, இருட்டும்வரை நடந்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் விரித்துப் படுத்து, விடியும் முன் எழுந்து போய்விடலாம். காற்று பலமாக அடிக்கும் உயரத்தில் டென்ட் ராத்திரி முழுக்கப் படபடக்கும், தரையோடு கிடக்கும் பிவியைக் காற்று கண்டுகொள்ளாது. குவில்ட் பயன்படுத்துகிறவர்களுக்குப் பக்கவாட்டில் நுழையும் காற்றும் நிற்கும்.

மியூர் பாஸில் சியரா கிளப் 1930இல் கட்டிய கல் குடிசை இருக்கிறது. அதை நம்பிக் கூரையில்லாமல் போகலாம் என்று சிலர் எழுதுவார்கள். அது புயலில் மாட்டிக்கொண்டவருக்கான இடம், தங்குமிடம் இல்லை.

ஆகவே நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எப்படி நடக்கப் போகிறீர்கள் என்பதை. சாயங்காலம் ஐந்துக்கே ஏரிக்கரைக்கு வந்து, டீ போட்டு, புத்தகம் படித்து, நிதானமாகத் தூங்குகிறவர் என்றால் டென்ட்டையே கொண்டு போங்கள். அந்த லூப் அப்படி நடக்கவும் தகுதியான இடம்தான்.

மலைநாடி

இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. "காற்று கண்டுகொள்ளாது" என்பது மழை இல்லாத காற்றுக்குத்தான். மழையோடு வரும் காற்றில் பிவிக்குள் நுழைவதும் வெளியேறுவதும்தான் நனையும் நேரம். மழை பிடிப்பதற்கு முன்பே உள்ளே போய்விடுகிற ஒழுங்கு வேண்டும். பூட்ஸ், ஹெட்லேம்ப், தண்ணீர், கையுறை எல்லாம் எங்கே இருக்கும் என்பது ஒவ்வொரு ராத்திரியும் ஒரே மாதிரி. பூட்ஸைக் கவிழ்த்துத் தலைமாட்டில் பைக்குள், பாறையில் என்றால் கயிற்றில் மாட்டி.

கிழக்குச்சரிவு

ஒற்றைக்கம்பு அண்ணா கேட்ட கேள்விதான் எனக்கே தெளிவில்லாமல் இருந்தது. யோசித்தேன். சியராவில் நான் பாலிசேட் சிகரங்கள் பக்கம், பாதை விட்டு மேலே ஏறித் தங்கத்தான் விரும்புகிறேன். ஏரிக்கரை வேண்டாம். ஆக அங்கேயும் பிவிதான். வலையோடு 200 கிராம் பை, டார்ப் தனி. ஸ்டூவர்ட்டுக்கு நண்பரிடம் ரெண்டுபேர் பை பற்றிப் பேசினேன். அவரிடம் ஒன்று இருக்கிறதாம், வல்லைவெளி அண்ணாவுக்கு நன்றி. மூடிய மெம்பரேன் பை ஒன்றை இரவலாக வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது, அதையும் எடுத்துப் போவேன்.

அளவு ஒன்றுதான் மிச்சம். ரெகுலர், லாங், வைட் என்று போடுகிறார்கள். பேட் பைக்குள்ளேயா, வெளியேயா?

தையல்மெஷின்

இதைக் கணக்குப் போட்டே பாத்தறலாமுங்க. பேட் உள்ள போகுதுன்னா அடியும் ரெண்டு ஓரமும் சேத்து 51, 6, 6, ஆக 63 செ.மீ. துணி போயிருச்சு. அதுக்கு மேல நீங்க படுத்து, மேல டவுன் முழுசா உப்பி நின்னா, பேட்டுலருந்து ஒரு 33 செ.மீ. உசரம் வரும்னு வைங்க. இந்த ஓரத்துலருந்து அந்த ஓரத்துக்கு வளைஞ்சு போற துணி கிட்டத்தட்ட 92 செ.மீ. ரெண்டும் சேந்து 155. சும்மா தொட்டுட்டு நிக்காம இருக்கறதுக்கு 160 சுத்தளவு வேணுமுங்க. பல கம்பெனி ரெகுலர் சைஸ் நெஞ்சுச் சுத்தளவு அதுக்குக் கம்மியா இருக்குது. கம்மியானா துணி டவுன அமுக்கும், அமுங்கின டவுன்ல காத்து நிக்காது, மைனஸ் 7 பேக் மைனஸ் 7க்குத் தாங்காது. பேட்ட வெளிய போட்டா 145 இருந்தாலே ஓடும், ஆனா ராத்திரி பொரண்டா பேட்டுலருந்து வழுக்கிக் கீழ வந்துருவீங்க.

உங்க உசரத்துக்கு நீளத்துல 30 செ.மீ. கூட வெச்சுப் பாருங்க. கால்கிட்டத் தண்ணி பாட்டிலும், நாளைக்குப் போடற சாக்ஸும் வைக்க எடம் வேணும். கால் முட்டி நிக்கற எடத்துலதான் டவுன் மொதல்ல நனையும்.

குளிர்பாலை

மெல்லிய காற்றுப் பேட்டைப் பிவிக்குள் வைப்பதே நல்லது என்று நானும் சொல்வேன், வேறொரு காரணத்துக்காக. சியராவின் கருங்கல் துகள் கூர்மையானது, அடித்துணி பேட்டுக்கு ஒரு காப்பு. தரைக் குளிரைத் தடுப்பதும் பேட்தான், பிவியால் அது ஆகாது. பேட் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்று காட்டும் ஆர் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகளும் இப்போது ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற ஒரே முறையில் அளந்து போடுவது வழக்கமாகிவிட்டதால் தைரியமாக ஒப்பிடலாம்.

பிவி பல டிகிரி கதகதப்பைக் கூட்டும் என்று விளம்பரத்தில் வருவதை வைத்து மெல்லிய ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிடாதீர்கள். காற்றில்லாத ராத்திரியில் அந்த வித்தியாசம் சொற்பம்.

கிழக்குச்சரிவு

வைட் சைஸுக்கே சொல்லிவிட்டேன். மலைநாடி அக்கா, கடைசியாக ஒன்று: பாறையில் தூங்கும்போது ஆங்கர் கயிற்றை எப்படி விடுவீர்கள்? நீளமாக விட்டால்தான் புரள முடியும் என்று தோன்றுகிறது.

மலைநாடி

நீளமாக விடக் கூடாது. தூக்கத்தில் உருண்டு விளிம்பைத் தாண்டினால், கயிறு இறுகும் வரை விழுவீர்கள். கயிறு உங்கள் பக்கம் தளர்வில்லாமல், படுத்த நிலையில் கிட்டத்தட்ட இழுத்தபடி இருக்க வேண்டும், ஆங்கர் உங்களைவிட உயரத்தில். கட்டுவது ஹார்னஸின் முன்பக்க வளையமான பிலே லூப்பிலோ, கயிறு கட்டும் இடத்திலோ. பிவியில் தைத்த வளையத்தில் ஒருநாளும் இல்லை, அது பையைப் பிடிப்பதற்கு மட்டும். ஏறும் கயிற்றிலேயே க்ளோவ் ஹிட்ச் போட்டால் நீளத்தைப் படுத்தபடியே ஒரு கையால் சரிசெய்யலாம், அதனால் எனக்கு அது பிடிக்கும். ஆங்கரில் அந்த முடிச்சுக்குப் பூட்டு உள்ள காரபைனர்.

பைக்குள் போன பிறகு ஜிப்பைக் கயிறு வரும் இடம்வரை இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து மூடுங்கள், கயிறு வயிற்றுக்கு நேரே வெளியே வரும்படி. மழையில் கயிற்றில் வழியும் தண்ணீர் அதன் வழியே உள்ளே வரும், ஜிப்புக்கு வெளியே கயிற்றை ஒரு சின்ன வளைவாகத் தாழவிட்டால் அங்கேயே சொட்டிவிடும். நண்பருடைய ரெண்டுபேர் பையில் கயிறு வெளியே வர வழி எங்கே இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன் இருவரும் ஹார்னஸோடு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். பழைய பைகள் சிலவற்றில் அதற்குத் துளையே இருக்காது, அடிப்பக்கமாகத்தான் விட வேண்டிவரும்.